படத்தில் நாஜி, வாழ்வில் நாஜிகளின் பகைவர்

நடிகர் கான்ராட் வைட்டின் கதை

ஹாலிவுட்டில் 1942-ஆம் ஆண்டில் தயாரான 'காஸாபிளாங்கா' படத்தைப் பார்த்தவர்கள் மேஜர் ஸ்ட்ராஸரை மறந்திருக்க முடியாது. நெடிய உருவம், மடிப்புக் கலையாத ராணுவ உடுப்பு, ஊடுருவிப் பார்க்கும் கண்கள், உதட்டோரத்தில் ஓர் ஏளனப் புன்னகை. ஹிட்லர் ஆட்சியின் கொடுமை முழுவதையும் ஒரே ஆளின் நடையிலும் பார்வையிலும் கண்டுவிடலாம் என்று சொல்லத்தக்க பாத்திரம் அது. கடைசிக் காட்சியில் அவன் சுடப்பட்டு விழும்போது, தொலைந்தான் பாவி என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்த வேடத்தில் நடித்தவர் கான்ராட் வைட். அவர் அசல் ஜெர்மானியர், பெர்லின் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர், யூதர் அல்லர். ஹிட்லர் ஆட்சியில் அவர் தலையில் ஒரு துரும்பு கூட விழுந்திருக்காது. பணமும் பட்டமும் அவரைத் தேடி வந்திருக்கும். ஆனால் அவர் அதையெல்லாம் உதறிவிட்டு நாட்டை விட்டே வெளியேறினார். நாஜிகளை வெறுத்து ஓடிய அவரையே, நாஜி வேடம் போடுவதற்குப் பொருத்தமான ஆள் என்று திரையுலகம் தேடிப் பிடித்தது!

கடைசி மாணவன்

1893-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி பெர்லினில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார் கான்ராட். தந்தை சர்க்கார் ஊழியர்; கண்டிப்புக்குப் பேர்போனவர். தாய் அதற்கு நேர்மாறு. மகனிடம் உயிரையே வைத்திருந்தார். கான்ராடுக்கு ஓர் அண்ணன் உண்டு. அந்தப் பையன் 1900-ஆம் ஆண்டில் விஷக் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். அதற்குப் பிறகு வீட்டில் இவர் ஒரே பிள்ளை.

ஒரு சமயம் தந்தைக்குக் கடுமையான நோய் கண்டது. அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டிய நிலை. வைத்தியம் செய்த டாக்டர், அந்தக் குடும்பத்தால் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவு மட்டும் பெற்றுக்கொண்டு தந்தையைப் பிழைக்க வைத்தார். சிறுவன் மனத்தில் அது ஆழமாகப் பதிந்தது. தானும் ஓர் அறுவை வைத்தியராக வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டான்.

தீர்மானம் நல்லதுதான், படிப்புத்தான் ஏறவில்லை. 1912-இல் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தபோது கான்ராட் கையில் பட்டயம் இல்லை. வகுப்பில் மொத்தம் 13 மாணவர்கள். அவர் 13-ஆவது இடம்!

ஆனால் அதற்கு முன்பே அவர் மனம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. பள்ளியில் நடந்த ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்தில் முன்னுரை சொல்லும் வேலை அவருக்குக் கிடைத்தது. நாடகம் சுமார்தான், முன்னுரை சொன்ன பையனைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். அன்று முதல் நாடகப் பைத்தியம் பிடித்துவிட்டது. சில்லறை வேலைகள் செய்து கிடைத்த காசையும், தாய் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கொடுத்த காசையும் கொண்டு தினமும் நாடகக் கொட்டகைக்குப் போவார். நாடகம் முடிந்த பிறகும் வீடு திரும்பமாட்டார். நடிகர்கள் வெளியே வரும் வாசலருகே நின்றுகொண்டிருப்பார். எவராவது தம்மையும் ஒரு நடிகர் என்று தவறாக நினைத்துக்கொள்ளமாட்டார்களா என்ற ஆசைதான்!

தந்தைக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. கூத்தாடிகள் என்றால் ஊர் பேர் இல்லாத நாடோடிகள் என்பது அவர் கருத்து. தாய்தான் மகன் பக்கம் நின்றார்.

ஐம்பது மார்க் சம்பளம்

அந்நாளில் பெர்லின் நாடக உலகின் முடிசூடா மன்னராக விளங்கியவர் மாக்ஸ் ரைன்ஹார்ட். அவருடைய 'டாய்ச்சஸ் தியேட்டர்' என்ற நாடக அரங்கில் கால் வைப்பதே பெரும் பாக்கியம் என்று இளம் நடிகர்கள் கருதினார்கள். தினமும் வாசலில் வந்து நிற்கும் பையனைப் பார்த்த காவல்காரர் இரக்கப்பட்டு, அவரை ஒரு நடிகரிடம் கொண்டுபோய் விட்டார். அவர் பாடம் ஒன்றுக்கு 6 மார்க் வீதம் வாங்கிக்கொண்டு நடிப்புச் சொல்லிக் கொடுத்தார். பத்துப் பாடம் முடிந்ததும் கான்ராட் துணிந்து ரைன்ஹார்ட்டின் முன்னால் போய் நின்று, மகாகவி கதேயின் 'ஃபௌஸ்ட்' நாடகத்திலிருந்து ஒரு பகுதியை நடித்துக் காட்டினார்.

வேலை கிடைத்தது. 1913-ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்கு ஒப்பந்தம். மாதம் 50 மார்க் சம்பளம். வேடம்? ஈட்டி பிடித்து நிற்கும் சேவகன், கும்பலில் ஒருவன், அவ்வளவே.

ஒப்பந்தம் முடிவதற்குள் முதல் உலக யுத்தம் மூண்டது. கான்ராடும் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டு, 1915-இல் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். வார்ஸா நகரைப் பிடிப்பதற்காக நடந்த சண்டையில் அவர் இருந்தார். குண்டடி படவில்லை, ஆனால் மஞ்சள் காமாலையும் நிமோனியா ஜுரமும் சேர்ந்து அவரை வீழ்த்தின. பால்டிக் கடற்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடம்பு தேறினாலும் துப்பாக்கி தூக்கும் வலு வரவில்லை. எனவே சிப்பாய்களின் பொழுதுபோக்குக்காக நடத்தப்பட்ட போர்முனை நாடகக் குழுவில் சேர ராணுவம் அனுமதித்தது. பெர்லினில் ஈட்டி பிடித்து நின்றவருக்கு அங்கேதான் பேசி நடிக்கும் பெரிய வேடங்கள் கிடைத்தன. யுத்தம் லட்சக்கணக்கான வாலிபர்களைப் பலி கொண்டது; இந்த ஒரு வாலிபரை நடிகராக்கித் திருப்பி அனுப்பியது. 1917-இல் ராணுவம் அவரை விடுவித்தது. அவர் மறுபடியும் ரைன்ஹார்ட்டின் அரங்குக்கே வந்து சேர்ந்தார்.

தூக்கத்தில் நடப்பவன்

அதே 1917-இல் அவர் சினிமாவிலும் புகுந்தார். அது பேசாப் படக் காலம். பேச்சு இல்லாததால் முகமும் கண்ணும் கையும்தான் பேச வேண்டும். கான்ராடுக்கோ ஒல்லியான நீண்ட உடல், ஒட்டிய கன்னம், நெருப்புப் போன்ற கண்கள். காமிராவுக்கென்றே பிறந்த முகம்!

1919-இல் ரிச்சர்ட் ஆஸ்வால்ட் என்ற டைரக்டர் 'மற்றவர்களைப் போல் அல்லாதவர்' என்ற படத்தை எடுத்தார். ஆணும் ஆணும் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 175-ஆவது பிரிவை எதிர்த்து எடுக்கப்பட்ட படம் அது. அந்தச் சட்டத்தைக் காட்டி மிரட்டிப் பணம் பறிக்கப்பட்டு, கடைசியில் உயிரையே மாய்த்துக்கொள்ளும் பிடில் வித்துவானாக கான்ராட் நடித்தார். எந்த நடிகரும் தொடத் தயங்கும் வேடம். படத்தை எதிர்த்துப் பல இடங்களில் ஆர்ப்பாட்டம் நடந்தது. 1920-இல் சர்க்கார் பொது மக்களுக்குக் காட்டக் கூடாதென்று தடுத்துவிட்டது. நியாயம் என்று பட்டதைச் செய்ய அஞ்சாத குணம் அவருக்கு அப்போதே இருந்தது என்பதற்கு இது சான்று.

1920-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெர்லினில் வெளியானது 'டாக்டர் காலிகாரியின் அறை'. ராபர்ட் வீனே டைரக்ட் செய்த இந்தப் படம் உலக சினிமாச் சரித்திரத்தில் ஒரு மைல்கல். வீடுகள் எல்லாம் கோணல். ஜன்னல்கள் எல்லாம் சாய்வு. நிழல்கள் கூட விளக்கொளியால் விழுந்தவை அல்ல, திரைச்சீலையில் தீட்டப்பட்டவை. பைத்தியம் பிடித்தவன் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியுமோ, அப்படி அமைத்திருந்தார்கள். தோல்வியும் பசியும் குழப்பமும் சூழ்ந்திருந்த அன்றைய ஜெர்மனியின் மனநிலைக்கு அது கண்ணாடி பிடித்தது.

காலிகாரி என்ற வித்தைக்காரன் ஒரு பெட்டிக்குள் ஸெஸாரே என்பவனைத் தூங்க வைத்திருக்கிறான். 23 வயதான ஸெஸாரே, பிறந்தது முதல் தூங்கிக்கொண்டே இருப்பவன். பகலில் சந்தையில் காட்சிப் பொருள். இரவில் எஜமானின் ஏவலால் எழுந்து போய்க் கொலை செய்கிறான். ஸெஸாரேயாக நடித்தவர் கான்ராட் வைட். பெட்டிக்குள் நிற்கும் அவர் மெள்ள மெள்ளக் கண் திறக்கும் காட்சி, நூறாண்டு கடந்த பின்பும் பார்ப்பவர் முதுகைச் சில்லிட வைக்கிறது. காலிகாரியாக நடித்தவர் வெர்னர் கிராஸ். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் மறுபடியும் வரும்.

காலிகாரிக்குப் பிறகு கான்ராடுக்கு ஓய்வே இல்லை. 1921-இல் வந்த 'இந்தியக் கல்லறை' என்ற படத்தில் அவர் ஓர் இந்திய மகாராஜா! இந்தியாவையே பார்க்காதவர்கள், பெர்லினுக்கு அருகே கோயிலும் அரண்மனையும் கட்டி இரண்டு பாகமாக எடுத்த படம் அது. 1924-இல் 'ஆர்லாக்கின் கைகள்' வந்தது. விபத்தில் கைகளை இழந்த பியானோ வித்துவானுக்கு ஒரு கொலைகாரனின் கைகளைப் பொருத்திவிடுகிறார்கள். அந்தக் கைகள் தன்னையும் கொலைகாரனாக்கிவிடுமோ என்று அவன் துடிக்கும் துடிப்புத்தான் கதை. இளமையில் அறுவை வைத்தியராக ஆசைப்பட்டவருக்கு, அறுவைச் சிகிச்சையால் வாழ்வு கெட்ட ஒருவனின் வேடம் வந்து வாய்த்தது!

இடையில் குடும்ப வாழ்க்கை நிலைக்கவில்லை. 1918-இல் மணந்த குஸ்ஸி ஹால் என்ற நடிகையுடன் நான்கே ஆண்டில் பிரிவு. அந்த அம்மாள் பிறகு பிரபல நடிகர் எமில் ஜானிங்ஸை மணந்தார். கான்ராடின் இரண்டாவது மணத்தில் ஒரு மகள் பிறந்தாள்; அந்த மணமும் முறிந்தது.

அழியாத சிரிப்பு

1926-இல் அமெரிக்க நடிகர் ஜான் பாரிமூர் அழைக்க, கான்ராட் ஹாலிவுட் போனார். அங்கே அவர் நடித்தவற்றில் தலைசிறந்தது 1928-இல் வெளியான 'சிரிக்கும் மனிதன்'. பிரெஞ்சு ஆசிரியர் விக்டர் ஹியூகோவின் நாவல் அது. குழந்தைப் பருவத்திலேயே வாய் கிழிக்கப்பட்டு, எப்போதும் சிரித்தபடியே இருக்க வேண்டிய சாபத்துக்கு ஆளானவன் கதாநாயகன். உள்ளே அழுகை, வெளியே இளிப்பு. வாயின் இரு ஓரங்களையும் இழுத்துப் பிடிக்கும் கொக்கிகள் வைத்த பொய்ப்பல் கட்டிக்கொண்டு நடித்தார் கான்ராட். உதடு சிரிக்கும், கண்கள் அழும். கண்களால் மட்டுமே நடிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது சாத்தியம்.

1940-இல் அமெரிக்காவில் 'பேட்மேன்' சித்திரக் கதைப் புத்தகத்துக்கு ஒரு வில்லனை உருவாக்கியபோது, சித்திரக்காரர்கள் முன்மாதிரியாகக் கொண்டது இந்தப் படத்தில் வந்த கான்ராடின் முகத்தைத்தான். இன்று உலகமெங்கும் சிறுவர் முதல் பெரியவர் வரை அறிந்த 'ஜோக்கர்' முகத்தின் மூலம் அதுவே.

இதற்குள் பேசும் படம் வந்துவிட்டது. கான்ராடின் ஆங்கிலம் அப்போது பேச்சுக்குப் போதாது. 1929-இல் தாய்நாடு திரும்பினார். அங்கே பேசும் படங்களிலும் அவருக்கு அமோக வரவேற்பு. 1931-இல் வந்த 'காங்கிரஸ் நடனமாடுகிறது' என்ற சங்கீதப் படத்தில் ஆஸ்திரிய ராஜதந்திரி மெட்டர்னிக்காக அவர் நடித்தார். புகழின் உச்சியில் அவர் இருந்த வேளையில்தான் ஜெர்மனியின் தலையெழுத்து மாறியது.

ஒரே ஒரு சொல்

1933-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பிரசார மந்திரி கோயபெல்ஸ் முதலில் கை வைத்த இடங்களில் ஒன்று சினிமா. யூதர்களை ஸ்டூடியோக்களிலிருந்து துரத்தும் வேலை தொடங்கியது. தொழிலில் இருப்பவர்கள் தங்கள் இனம் இன்னதென்று ஒரு பாரத்தில் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அதே ஆண்டில்தான் கான்ராட் மூன்றாம் முறையாக மணம் புரிந்துகொண்டார். மனைவி லில்லி பிரேகர் ஹங்கேரியைச் சேர்ந்த யூதப் பெண். கான்ராடோ பிராடஸ்டண்ட் கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்தவர். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் அவர்மீது யாரும் குற்றம் சொல்ல முடியாது. மனைவியை விலக்கிவிட்டால் தொழிலுக்கும் பங்கம் இல்லை. அப்படிச் செய்தவர்கள் அன்று ஜெர்மனியில் இல்லாமல் இல்லை.

பாரத்தில் இனம் என்று கேட்டிருந்த இடத்தில் கான்ராட் எழுதிய சொல் ஒன்றே ஒன்று: யூதன்.

தம் மனைவியின் இனத்தாருக்கு வருவது தமக்கும் வரட்டும் என்று அவர் துணிந்தார். அந்த ஒரு சொல்லோடு அவருடைய ஜெர்மானிய வாழ்வு முடிந்தது. தம்பதிகள் இங்கிலாந்துக்குக் குடியேறினார்கள்.

அங்கே போன பிறகும் ஆபத்து விடவில்லை. முன்பே ஒப்புக்கொண்ட 'வில்லியம் டெல்' படத்துக்காக அவர் ஜெர்மனிக்குப் போய்வர வேண்டியிருந்தது. படம் முடிந்தும் ஆள் திரும்பவில்லை. கான்ராட் நோயுற்றிருக்கிறார், பிரயாணம் செய்ய இயலாது என்று நாஜிகளிடமிருந்து தகவல் வந்தது. லண்டனில் அவரை ஒப்பந்தம் செய்திருந்த காமண்ட்-பிரிட்டிஷ் படக் கம்பெனியார் சந்தேகப்பட்டு, சொந்தச் செலவில் ஒரு டாக்டரை அனுப்பிவைத்தார்கள். டாக்டர் போய்ப் பார்த்தால் நோயும் இல்லை, நொடியும் இல்லை! அதன் பிறகே நாஜிகள் அவரை விட்டார்கள்.

கம்பெனியார் அடுத்து எடுத்த படம் 'யூதர் ஸூஸ்'. 18-ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மன் சிற்றரசனுக்கு மந்திரியாக இருந்து, பிறகு தூக்கிலிடப்பட்ட யூதரின் கதை. யூதர்கள் படும் பாட்டை உலகத்துக்குக் காட்டிய அந்தப் படம் 1934-இல் வெளியானது. கதாநாயகர் கான்ராட். இதற்குப் பின் ஜெர்மனியின் வாசல் அவருக்கு நிரந்தரமாக அடைபட்டது.

தங்கியவர்கள் கதை

கான்ராட் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அறிய, ஜெர்மனியிலேயே தங்கிவிட்ட அவருடைய தோழர்களைப் பார்க்க வேண்டும்.

காலிகாரியாக நடித்த வெர்னர் கிராஸ் நாஜிகளின் ஆதரவு பெற்ற நடிகரானார். கான்ராட் நடித்த அதே யூதர் ஸூஸ் கதையைத் தலைகீழாக்கி, யூதர்கள்மீது வெறுப்பைத் தூண்டும் விதத்தில் 1940-இல் கோயபெல்ஸ் ஒரு படம் எடுக்கச் செய்தார். அதில் ஒன்றல்ல, பல யூத வேடங்களைத் தாங்கினார் கிராஸ். அந்தப் படத்தைத் தம் ஆட்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஹிட்லரின் போலீஸ் தலைவர் ஹிம்லர் உத்தரவிட்டார். யுத்தம் முடிந்த பின் கிராஸ் விசாரணைக்கு உட்பட்டு, சில காலம் மேடை ஏறமுடியாமல் இருந்தார்.

எமில் ஜானிங்ஸ், சிறந்த நடிகருக்கான முதல் ஆஸ்கார் பரிசைப் பெற்ற மேதை. அவரும் நாஜிகளின் பிரசாரப் படங்களில் நடித்துப் பட்டங்கள் பெற்றார். 1945-க்குப் பிறகு அவரைத் திரை ஏற்கவில்லை. 1950-இல் காலமானார்.

மூன்றாமவர் ஜோவாகிம் காட்ஷால்க். அவர் மனைவியும் யூதப் பெண். மனைவியை விலக்கும்படி நாஜிகள் நெருக்கினார்கள், அவர் இணங்கவில்லை. மனைவியையும் மகனையும் நாடு கடத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1941-ஆம் ஆண்டு நவம்பரில் மூவரும் ஒன்றாக உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பையனுக்கு வயது எட்டு.

கான்ராடும் லில்லியும் பெர்லினிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பாக்தாத் மந்திரவாதி

1939-இல் கான்ராட் பிரிட்டிஷ் பிரஜையானார். அவ்வாண்டில் மைக்கேல் பவல் டைரக்ட் செய்த 'கறுப்பு உடை ஒற்றன்' படம் அவரை இங்கிலாந்தில் பெரிய நட்சத்திரமாக்கியது. அடுத்து வந்தது அலெக்ஸாண்டர் கோர்டாவின் வர்ணச் சித்திரமான 'பாக்தாத் திருடன்'. மைசூர் சமஸ்தானத்தில் யானைப்பாகன் மகனாகப் பிறந்து, உலகப் புகழ் பெற்ற சாபு அதில் திருடனாக நடித்தார். கொடிய மந்திரவாதி ஜாபராக வந்தவர் கான்ராட். படம் பாதியில் இருக்கும்போதே இரண்டாவது உலக யுத்தம் மூண்டதால், மீதியை ஹாலிவுட்டில் எடுத்து முடித்தார்கள்.

1940-இல் கான்ராட் அமெரிக்கா போனார். புதிய தாய்நாடு குண்டுவீச்சில் தவித்துக்கொண்டிருந்ததை அவர் மறக்கவில்லை. தம் சம்பாத்தியத்தில் பெரும் பகுதியைப் பிரிட்டிஷ் யுத்த நிவாரணத்துக்குக் கொடுத்தார். லண்டனில் புகலிடக் குழிகளில் ஒளிந்திருந்த குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு மிட்டாய்களும் பரிசுகளும் அனுப்பிவைத்தார்.

ஹாலிவுட்டில் அவருக்குக் கிடைத்த வேடம் என்ன? ஜெர்மன் உச்சரிப்பு, மிடுக்கான தோற்றம் - நாஜி அதிகாரி வேடம்தான்! அவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: நாஜியாக நடித்தால் அவன் வில்லனாகத்தான் இருக்க வேண்டும். பார்ப்பவர்கள் பரிதாபப்படும்படியோ, வியக்கும்படியோ இருக்கக் கூடாது. அந்தக் கூட்டத்தை நேரில் அறிந்தவர் அவர். அவர்களுடைய மரியாதைப் பேச்சுக்குள் மறைந்திருக்கும் விஷத்தை மற்ற நடிகர்களை விட அவரால் நன்றாகக் காட்ட முடிந்தது. 1942-இல் வந்த 'நாஜி ஏஜெண்ட்' படத்தில் இரட்டை வேடம்: ஒருவன் நாஜி, அவனுடன் பிறந்த மற்றவன் நாஜிகளை எதிர்ப்பவன்.

'காஸாபிளாங்கா'வுக்கு அவர் வாங்கிய சம்பளம் வாரத்துக்கு 5,000 டாலர். அந்தப் படத்தில் நடித்தவர்களில் பலர் ஹிட்லருக்கு அஞ்சி ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அகதிகள். ஹோட்டலில் ஜெர்மானிய அதிகாரிகள் பாடும் பாட்டை அமுக்கிவிட்டு மற்றவர்கள் பிரெஞ்சு தேசிய கீதம் பாடும் காட்சி புகழ் பெற்றது. அதில் ஜெர்மானியர்களுக்குத் தலைமை தாங்கி நிற்பவர், அகதிகளில் ஓர் அகதியான கான்ராட்! வெளியே போட்டிருந்த வேடத்துக்கும் உள்ளே இருந்த மனிதருக்கும் எவ்வளவு தூரம்!

ஆட்ட மைதானத்தில் முடிவு

1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நண்பர்களோடு கோல்ப் ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் சாய்ந்தார் கான்ராட் வைட். வயது 50. ஹிட்லரின் வீழ்ச்சியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதற்கு இன்னும் இரண்டாண்டு இருந்தது. 'காஸாபிளாங்கா' சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசை 1944-இல் பெற்றதையும் அவர் காணவில்லை. ஆனால் அவர் இறந்த பிறகு திரைக்கு வந்த கடைசிப் படம் 'சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர்'. அதில் அவருக்கு நாஜி வேடம் இல்லை. நாஜிகளை எதிர்த்து மறைவாகப் பணிபுரியும் நல்ல ஜெர்மானியராக வருகிறார்.

அவருடைய அஸ்தி அமெரிக்காவில் பல்லாண்டுகள் இருந்தது. 1998-இல் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, கோல்டர்ஸ் கிரீனில் வைக்கப்பட்டது. பிறந்த பெர்லினுக்கு அது போகவில்லை.

நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் அவர் கொலைகாரனாக, மந்திரவாதியாக, கொடுங்கோலனாக நடித்தார். அந்த வேடங்களையெல்லாம் கண்டு உலகம் அவரைப் பார்த்துப் பயந்தது. வேடம் போடாமல் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. அதற்குக் கைதட்ட ஆள் இல்லை; காமிராவும் இல்லை. பெர்லினில் 1933-இல், மனைவிக்காக, ஒரு காகிதத்தில் அவர் துணிந்து ஒரு பொய் எழுதினார். ஆயிரம் உண்மைகளை விட மேலான பொய் அது.